720 ரூபாய்க் கடன்



கொஞ்சம் நீளமான பதிவு. இன்டர்வலுக்குள் வாசித்து முடிக்க ஏலாது. பின்னேரம் ஒரு பிளேன்டீ ஊற்றிக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

"டீச்சர், டவுன் ஊடு வித்தாச்சா?" என்று ஒன்றரை வருஷமாகப் பலர் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். வித்தாச்சு, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் ஏன் இவ்வளவு காலம் எடுத்தது என்று கேட்டவர்களுக்கெல்லாம் இதுவரை பாதி உண்மையைத்தான் சொல்லி வந்திருக்கிறேன். "காணிச் சொந்தக்காரர் மவுத்தாகிட்டார், அவங்கட பக்கத்துப் பிரச்சினை" என்பேன். மீதிப் பாதியையும் இன்று எழுதிவிடுகிறேன். உங்களில் நாலு பேருக்காவது பிரயோசனப்படும்.

முதலில் வீட்டைப் பற்றி. கண்டி டவுனுக்குள்ளே, மணிக்கூட்டுக் கோபுரத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில், கீழே கடைகள் இருக்கும் ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடி. 38 படிகள். சின்ன வயதில் ஒவ்வொரு நாளும் எண்ணிக்கொண்டே ஏறுவேன். கணித டீச்சர் ஆகப்போகிறவளின் குணம் அப்போதே இருந்திருக்கிறது போல. பெரஹரா காலத்தில் யன்னலைத் திறந்தால் மேள சத்தம் வீட்டுக்குள் வந்து உட்காரும். வாப்பா ஒரு புடைவைக் கடையில் வேலை செய்து சேர்த்த காசும் உம்மாவின் நகையும் போட்டு 1982இல் எடுத்த வீடு.

"எடுத்த" என்றுதான் எங்கள் வீட்டில் சொல்வோம். வாங்கிய என்று சொன்னதில்லை. ஏனென்றால் அது சொந்த உறுதி இல்லை, 99 வருஷக் குத்தகை உறுதி. மொத்தமாக ஒரு தொகை அப்போதே கொடுத்தாயிற்று. அதற்கு மேல் வருஷத்துக்கு 120 ரூபாய், ஒவ்வொரு ஏப்ரலிலும், காணிச் சொந்தக்காரருக்கு. அவ்வளவுதான். 2081 வரை வீடு எங்களுடையது.

ஏன் சொந்தமாகவே எழுதவில்லை என்று நானும் பிறகுதான் தெரிந்துகொண்டேன். நம் நாட்டுக் காணி விஷயங்களுக்கு அடிப்படையாக இருப்பது ரோமன் டச்சுச் சட்டம். அதன்படி நிலம் யாருடையதோ, அதன் மேல் நிற்கும் கட்டடமும் அவருடையது. ஒரு மாடியை மட்டும் பிரித்துச் சொந்தமாக எழுதவேண்டும் என்றால், 1973இல் வந்த 11ஆம் இலக்கச் சட்டத்தின்படி அந்தக் கட்டடத்துக்குக் கொண்டோமினியம் பிளான் போட்டுப் பதிந்திருக்க வேண்டும். எங்கள் கட்டடம் அதற்கு முந்தியது, அப்படி ஒரு பிளானும் இல்லை. அதனால் நீண்ட காலக் குத்தகைதான் வழி.

காணிச் சொந்தக்காரரை நாங்கள் மாத்தயா என்றுதான் சொல்வோம். குண்டசாலைப் பக்கம் வீடு. ஒவ்வொரு ஏப்ரலிலும் புதுவருஷம் முடிந்த கையோடு வாப்பா 120 ரூபாயை ஒரு என்வலப்பில் போட்டுக்கொண்டு போவார். கூடவே ஒரு சீ.ஆர். கொப்பி. அதில் திகதி, தொகை, மாத்தயாவின் கையெழுத்து. திரும்பி வரும்போது கொக்கிஸ், அலுவா, பலகாரப் பார்சல் ஒன்று வரும். பெருநாளைக்கு எங்கள் வீட்டிலிருந்து வட்டிலப்பம் போகும். சின்னப் பிள்ளைகளான எங்களுக்கு அது ஒரு குத்தகை என்றே தெரியாது. ஒரு குடும்பத்தோடு இருக்கிற பழக்கம் என்றுதான் நினைத்தோம்.

2015இல் மாத்தயா இறந்தார். வாப்பா மரண வீட்டுக்குப் போய், இரவு வரை இருந்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகும் இரண்டு ஏப்ரலில் போனார். நோனா, அதாவது மாத்தயாவின் மனைவி, கொப்பியில் கையெழுத்து வைத்தார். 2017 ரமழானில் வாப்பாவும் போய்விட்டார்.

அந்தக் கொப்பியின் கடைசிக் கையெழுத்து 2017 ஏப்ரல். அதற்குப் பிறகு வெறும் பக்கங்கள்.

2018 ஏப்ரலில் யாராவது போயிருக்க வேண்டும். ஆனால் அந்த வருஷம் மார்ச்சில் திகனையிலும் தெல்தெனியாவிலும் அக்குறணையிலும் என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. குண்டசாலைக்கு பஸ் ஏறவே மனம் வரவில்லை. அடுத்த வருஷம் ஏப்ரல் 21. அதற்கடுத்த வருஷம் கொரோனா. பிறகு பெற்றோல் கியூ. ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு காரணம் இருந்தது, எல்லாம் உண்மையான காரணங்கள்தான். ஆனால் ஆறு உண்மையான காரணங்களைக் கூட்டினால் வருகிற விடை, ஆறு வருஷம் கொடுக்காத கடன்.

2023இல் வீட்டை விற்க முடிவெடுத்தோம். உம்மாவின் முழங்கால் 38 படிகளுக்குத் தாங்கவில்லை. கிளினிக்குக்குப் போகிற நாளில் நானாவும் மச்சானும் கதிரையில் வைத்துத்தான் இறக்கினார்கள். தங்கச்சியின் மாப்பிள்ளை 2022இல் கடையை மூடியவர், இன்னும் எழும்பவில்லை. விற்றால் எல்லோருக்கும் ஒரு வழி பிறக்கும் என்று நினைத்தோம். ஒரு இளம் குடும்பம் வந்து பார்த்துப் பிடித்துப்போய் 72 இலட்சத்துக்குப் பேசி முடித்தோம்.

அவர்களுக்கு வங்கிக் கடன் தேவைப்பட்டது. வங்கி என்றால் சட்டத்தரணி பார்க்க வேண்டும். அந்தச் சட்டத்தரணி குத்தகை உறுதியை வாசித்து, காணிப் பதிவகத்தில் தேடிவிட்டு, என்னைக் கூப்பிட்டு இரண்டு கேள்விகள் கேட்டார்.

"டீச்சர், குத்தகைக்குக் குடுத்தவர் இப்ப யார்? குத்தகைக்கு எடுத்தவர் இப்ப யார்?"

அன்றைக்கு முதல் கேள்வி மட்டும்தான் என் காதில் விழுந்தது.

உறுதியில் இரண்டு வாசகங்கள் இருந்தன. ஒன்று, குத்தகை உரிமையை இன்னொருவருக்குக் கைமாற்றுவதென்றால் காணிச் சொந்தக்காரரின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். மற்றது, வருஷக் குத்தகைப் பணம் கட்டத் தவறினால் குத்தகையை ரத்துச் செய்யும் உரிமை அவருக்கு உண்டு. சம்மதம் தரவேண்டியவர் கபுறுக்குப் போய், மன்னிக்கவும், சுடலைக்குப் போய் எட்டு வருஷம். ரத்துச் செய்யும் உரிமை யாரோ ஒரு வாரிசின் கையில். 720 ரூபாய்க்காக 72 இலட்சம் போகலாம்!

அன்றிரவு எனக்குத் தூக்கமே இல்லை.

முதலில் வந்த சந்தேகம், சொந்தக்காரர் இறந்ததோடு குத்தகையும் முடிந்துவிட்டதா என்பது. மச்சானின் கூட்டாளி ஒருவர் அப்படித்தான் சொன்னார், மார்க்கத்தில் அப்படித்தான் இருக்கிறது என்றும் சொன்னார். ஒரு மௌலவியிடம் கேட்டேன். ஹனபி மத்ஹபில் ஒப்பந்தம் செய்தவர்களில் ஒருவர் மவுத்தானால் குத்தகை முடிவடையும், நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் அப்படி இல்லை, காலம் முடியும் வரை வாரிசுகள் மேல் தொடரும் என்று விளக்கினார். நம் நாட்டுச் சட்டமும் அதே பக்கம்தான் நிற்கிறது. முறையாக எழுதிப் பதிந்த குத்தகை, சொந்தக்காரர் இறந்தாலும் காணியை வேறு யாருக்கு விற்றாலும் போகாது. வாங்குகிறவர் குத்தகையையும் சேர்த்தே வாங்குகிறார். இதைக் கேட்டபோது பாதி உயிர் திரும்பி வந்தது.

இதிலே இன்னொன்றையும் யோசித்தேன். கண்டியில் தலதா மாளிகைக்கும் தேவாலயங்களுக்கும் எவ்வளவோ காணி இருக்கிறது. அவை 1931ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருகின்றன. நம் பள்ளிவாசல்களின் வக்பு சொத்துகள் 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வருகின்றன. அங்கெல்லாம் நிலமேயோ நம்பிக்கையாளரோ மாறுவார்கள். சொந்தக்காரர் சாவதில்லை. போய்க் கேட்க ஒரு கந்தோர், ஒரு கதிரை எப்போதும் இருக்கும். தனி மனிதனிடம் குத்தகைக்கு எடுத்தால்தான் இந்தச் சிக்கல். 99 வருஷம் வாழ்கிற சொந்தக்காரர் யார்?

லெஸ்டரில் இருக்கிற பெரியம்மாவின் மகன் ஒருத்தர் கதை கேட்டுச் சிரித்தார். இங்கிலாந்தில் பிளட் என்றாலே பெரும்பாலும் இப்படித்தானாம். 99 வருஷம், 125 வருஷம் என்று நீண்ட குத்தகை, நிலத்துக்கு வேறொரு சொந்தக்காரர், அவருக்கு வருஷ வாடகை. அவர் இறந்தால் அவருடைய உயிலை நிறைவேற்றுபவரோ நீதிமன்றம் நியமித்த நிர்வாகியோ அவர் இடத்தில் நிற்பார். புதிதாக எழுதும் நீண்ட குத்தகைகளில் நில வாடகை வாங்கவே ஏலாது என்று அங்கே 2022 ஜூன் 30இலிருந்து சட்டமாம். பேருக்கு ஒரு மிளகு மட்டும் வாங்கலாம். பகிடி இல்லை, ஒரே ஒரு மிளகு, சட்டத்திலேயே அப்படித்தான் இருக்கிறது. நம் கண்டி, மாத்தளைத் தோட்டங்களில் கொடியில் தொங்குகிற மிளகு அந்த ஊர்ச் சட்டத்தில் வாடகையாக நிற்கிறது. "நீங்க ஒரு கிலோ மிளகு குடுத்திருந்தா ஆயிரம் வருஷத்துக்குக் கணக்கு முடிஞ்சிருக்கும்" என்றார். அந்த நேரம் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்த இடத்தில்தான் ஒரு புரோக்கர் வந்தார். மிகவும் தன்மையானவர். அவரிடம் இரண்டு யோசனை இருந்தது. ஒன்று, வாங்குகிறவரிடம் வெள்ளைத் தாளில் ஒரு ஒப்பந்தம் எழுதி, சாட்சி வைத்து, காசை வாங்கிக்கொள்வது. இரண்டு, கொப்பியின் வெறும் பக்கங்களில் 2018 முதல் 2023 வரை ஆறு கையெழுத்து. "வயசான நோனாட கையெழுத்து தானே டீச்சர், கோடு இழுத்தா சரி."

முதலாவது சட்டப்படி செல்லாது. காணி விற்பனையும், ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையும், அதன் கைமாற்றமும் நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும் என்று 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. மோசடியைத் தடுக்க வந்த சட்டம், இன்றைக்கும் நடைமுறையில் இருக்கிறது. வெள்ளைத் தாளில் வீடு விற்றோம், வாங்கினோம் என்று நிம்மதியாக இருப்பவர்கள் தயவுசெய்து இதை இரண்டாம் தரமும் வாசியுங்கள்.

இரண்டாவதற்குச் சட்டம் தேவையில்லை. பக்கத்துப் பிள்ளையின் விடையைப் பார்த்து எழுதினதுக்கு பத்தாம் வகுப்புப் பிள்ளையை எழுப்பி நிறுத்துகிறவள் நான். ஆனாலும் உண்மையைச் சொல்கிறேன், அந்தக் கொப்பியை எடுத்து மேசையில் வைத்து ஐந்து நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்தேன். உம்மா கதிரையில் இறங்குகிற காட்சி கண்ணில் நின்றது. பிறகு கொப்பியை மூடி ஹேன்ட்பேக்கில் வைத்தேன்.

வாங்க வந்தவர்களிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு கிழமை யோசித்துவிட்டு விலகிக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

2023 ஒக்டோபர், ஒரு சனிக்கிழமை, நானும் தங்கச்சியும் குண்டசாலைக்குப் போனோம். கையில் வட்டிலப்பம், 720 ரூபாய் போட்ட என்வலப், கொப்பி. கேற்றில் கை வைக்கும்போது எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. நோனாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. அடையாளம் தெரியவில்லை. நான் வாப்பாவின் பெயரைச் சொன்னேன்.

"அனே துவே" என்று என் கையைப் பிடித்தவர் விடவில்லை. வாப்பா இறந்தது அவருக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவர் கேட்டதைச் சிங்களத்தில் கேட்டபடியே என்னால் எழுத முடியாது, கருத்து இதுதான்: "அந்த மார்ச் மாதத்துக்குப் பிறகு யாருமே வரவில்லையே. எங்கள் மேல் கோபம் என்று நினைத்தோம். எங்களுக்கும் வரக் கூச்சமாக இருந்தது."

நாங்கள் பயத்தில் போகவில்லை. அவர்கள் வெட்கத்தில் வரவில்லை. இடையில் ஆறு ஏப்ரல் போய்விட்டது.

அவருடைய மூத்த மகன், ஓய்வு பெற்ற வங்கி உத்தியோகத்தர், "இந்தக் காசை விடுங்க மிஸ், இது என்ன பெரிய காசா" என்றார். நோனா விடவில்லை. எண்ணி வாங்கினார். கொப்பியில் கையெழுத்து வைக்கும்போது என்ன திகதி போடுவது என்று மகனிடம் கேட்டார். அவர், "இன்றைய திகதிதானே அம்மே" என்றார். ஆறு வருஷத்துக்கும் சேர்த்து ஒரே கையெழுத்து, அன்றைய திகதியில். சரியான ரசீதை நீதிமன்றம் நியமிக்கிற நிர்வாகிதான் தரவேண்டும் என்று சட்டத்தரணி பிறகு சொன்னார், அதுவும் பிறகு கிடைத்தது. ஆனால் என் மனம் லேசானது அந்தக் கொப்பிக் கையெழுத்தில்தான்.

அவர்களுடைய பக்கத்தில் என்ன சிக்கல் என்று அன்றுதான் தெரிந்தது. மாத்தயா உயில் எழுதவில்லை. சட்டம் குறிக்கும் பெறுமதிக்கு மேற்பட்ட சொத்து என்றால், மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கு வைத்து, பத்திரிகையில் அறிவித்தல் போட்டு, ஒருவரை நிர்வாகியாக நியமித்துக் கடிதம் எடுக்க வேண்டும். தொடங்கியிருக்கிறார்கள், பாதியில் நின்றுவிட்டது. ஒரு மகன் மெல்பேர்னில். அவருடைய அற்றோணித் தத்துவம் வந்து பதிவாக வேண்டும். மகள் மாத்தளையில். அவர் விஷயம்தான் பெரிய இழுபறி. கண்டியச் சட்டப்படி, தகப்பன் உயிரோடிருக்கும்போதே "தீக" முறையில் கலியாணம் முடித்து மாப்பிள்ளை வீட்டுக்குப் போன மகளுக்கு, உயிலில்லாமல் இறந்த தகப்பனின் சொத்தில் பொதுவாகப் பங்கில்லை. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகிற "பின்ன" கலியாணம் என்றால் உண்டு. மகளோ தீக. சட்டம் தெளிவு, ஆனால் அண்ணன்மாருக்கு மனம் வரவில்லை.

நோனா என்னைப் பார்த்து, "உங்களில் மகளுக்கு உண்டா?" என்று கேட்டார். உண்டு, மகனுடைய பங்கில் பாதி என்றேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பாதியாவது" என்றார். தங்கச்சியும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

பஸ்ஸில் வரும்போதுதான் சட்டத்தரணி கேட்ட இரண்டாவது கேள்வி என் காதில் விழுந்தது.

குத்தகைக்கு எடுத்தவர் இப்போது யார்?

உறுதியில் இருப்பது வாப்பாவின் பெயர் மட்டும்தான். வாப்பா 2017இல் மவுத். ஆறு வருஷமாக நாங்கள் அந்தச் சொத்தைப் பங்கு வைக்கவே இல்லை. உம்மா இருக்கும்போது பங்கைப் பற்றிப் பேசுவது வெட்கம் என்று இருந்துவிட்டோம். உம்மா அதைத் தன் வீடு என்று நினைத்திருந்தார். நானா 2012இல் கூரை திருத்தச் செலவழித்தவர், உம்மாவைப் பார்த்துக்கொள்பவர், அதனால் தன் வீடு என்று நினைத்திருந்தார். தங்கச்சி தனக்கு அதில் ஏதாவது இருக்கிறதா என்றுகூடக் கேட்கவில்லை. நான் எல்லோருக்காகவும் ஓடுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, அந்தக் குடும்பத்தார் எட்டு வருஷமாகச் சொத்தைப் பிரிக்கவில்லை என்று ஊர் முழுக்கக் குறை சொல்லித் திரிந்திருக்கிறேன்.

1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம்களின் வாரிசுரிமைக் கட்டளைச் சட்டப்படி, உயிலில்லாமல் இறக்கும் முஸ்லிமின் சொத்து அவர் சார்ந்த மத்ஹபின் படி பங்கிடப்படும். ஆனால் பங்கு எவ்வளவு என்று மார்க்கம் சொல்லிவிட்டதால் வேலை முடிந்துவிடாது. அதைக் கடதாசியில் கொண்டுவர நாமும் அதே நீதிமன்றத்துக்குத்தான் போகவேண்டும்.

ஒரு வெள்ளிக்கிழமை இரவு எல்லோரையும் இருத்தி, மகளின் வைட்போர்டில் கணக்குப் போட்டேன். மனைவிக்கு எட்டில் ஒன்று. மீதி எட்டில் ஏழு. ஒரு மகன், இரண்டு மகள். மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒவ்வொன்று, ஆக நாலு பங்கு. எல்லாவற்றையும் 32ஆல் பிரித்தால்: உம்மா 4, நானா 14, நான் 7, தங்கச்சி 7. கூட்டிப் பாருங்கள், 32.

நானா போர்டைப் பார்த்தார். "கூரைக்கு நான் போட்ட காசு இதில எங்க இரிக்கி?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. குரலில் கோபம் இல்லை, ஆனால் எழும்பிப் போய்விட்டார். அடுத்த நாலு மாதம் மனுவில் கையெழுத்து வைக்கவில்லை. வா என்றால் வரவில்லை, போன் எடுத்தால் வேலை என்றார். மாத்தயா வீட்டில் பத்திரிகை அறிவித்தல் போய், மெல்பேர்ன் கடதாசி வந்து, 2024 மார்ச்சில் மூத்த மகனுக்கு நிர்வாகக் கடிதம் கிடைத்துவிட்டது. அவர் போன் எடுத்து, "மிஸ், சம்மதக் கடிதம் ரெடி. உங்கட பக்கம் எப்படி?" என்று கேட்டார். என்ன சொல்வது? எங்கள் பக்கம்தான் நின்றுபோயிருந்தது.

அந்த ரமழானில் நான் நானாவின் வீட்டுக்கு நோன்பு திறக்கப் போனேன். சண்டை பிடிக்கப் போகவில்லை. சூரா அந்நிஸாவில் பங்குகளைச் சொல்லும்போதே, கடனையும் வஸிய்யத்தையும் நிறைவேற்றிய பிறகுதான் பங்கு என்று வருகிறது என்பதை மட்டும் சொன்னேன். "நானா, கூரைக் காசு வாப்பாவுக்குக் கடனாக் குடுத்ததெண்டா சொல்லுங்க. அது எங்கட பங்குக்கு முந்தி ஒங்களுக்குத் தரவேண்டிய காசு. நாங்க யாரும் மறுக்கமாட்டம். சத்தியம் கேக்கவும் மாட்டம்."

அவர் கஞ்சிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நீண்ட நேரம் பேசவில்லை.

"கடனாக் குடுக்கல்ல" என்றார் கடைசியில். "வாப்பாவுக்குக் குடுத்த."

பிறகு, "நான் காசக் கேக்கல்ல. நான் செஞ்சது ஒருத்தருக்கும் ஞாபகம் இல்லையோ எண்டுதான் கேட்ட" என்றார்.

நான் போர்டில் கணக்குப் போட்டேனே தவிர, அதை ஒரு வார்த்தை சொல்லவில்லை. கணக்கு சரியாக இருந்தும் மாக்ஸ் குறைந்துவிட்டது. அடுத்த நாள் காலையில் நானா கையெழுத்து வைத்தார். பங்கு வைக்க முன்னால் சபையில் நான் எழும்பி, கூரையைப் பற்றியும், உம்மாவை அவர் ஏழு வருஷம் பார்த்ததைப் பற்றியும் சொன்னேன். அவர் வெளியே போய் நின்றுகொண்டார்.

2024 செப்டெம்பரில் எங்கள் நிர்வாகக் கடிதம் வந்தது. நவம்பரில் இன்னொரு குடும்பத்துக்கு விற்றோம், செலவெல்லாம் போக 64 இலட்சம். முதல் பேச்சை விடக் குறைவு. நொத்தாரிசின் அறையில் ஒரு பக்கம் எங்கள் குடும்பம், மறுபக்கம் மாத்தயாவின் மூத்த மகன். கூடவே மாத்தளையிலிருந்து மகளும் வந்திருந்தார். சட்டப்படி அவருடைய கையெழுத்து தேவையே இல்லை. "தங்கை இல்லாமல் நான் வைக்க மாட்டேன்" என்று அண்ணன் சொல்லிவிட்டாராம்.

ஒரு பங்கு இரண்டு இலட்சம். உம்மாவுக்கு 8, நானாவுக்கு 28, எனக்கு 14, தங்கச்சிக்கு 14. தங்கச்சி தன் பெயரில் முதன்முதலாக ஒரு வங்கிக் கணக்குத் திறந்தாள்.

உம்மா இப்போது மடவளையில் நானாவின் வீட்டோடு ஒட்டிக் கட்டிய அறையில் இருக்கிறார். நிலமட்டம், ஒரு படிகூட இல்லை. மூன்று பேரும் காசு போட்டோம். குடிபுகுந்த அன்றைக்கு உம்மா கேட்ட முதல் கேள்வி, "இத யார்ட பேர்ல எழுதின?" என்பதுதான். எல்லோரும் சிரித்தோம். ஆனால் அடுத்த கிழமையே யார் எவ்வளவு போட்டது, அது உதவியா கடனா என்று எழுதி, மூன்று பேரும் கையெழுத்து வைத்தோம்.

வாசிக்கிறவர்களுக்கு என் சின்ன வேண்டுகோள்:

உங்கள் வீடோ கடையோ குத்தகைக் காணியில் இருந்தால் இன்றைக்கே உறுதியை எடுத்து வாசியுங்கள். கைமாற்றச் சம்மதம் வேண்டுமா, பணம் கட்டாவிட்டால் என்ன என்று பாருங்கள். சொந்தக்காரர் இறந்துவிட்டால் வாரிசு யாரென்று உடனே தேடிப் போங்கள். மரண வீட்டுக்குப் போகிற பழக்கம் நமக்கு இருக்கிறது. அதற்கடுத்த வருஷமும் போகிற பழக்கம்தான் இல்லை. கொடுக்கிற பணம் 120 ரூபாயாக இருந்தாலும் கையெழுத்து வாங்குங்கள். உயிலும் நிர்வாகக் கடிதமும் உங்கள் விஷயத்தில் எப்படி வரும் என்பதை நல்ல சட்டத்தரணியிடம் கேளுங்கள், என் கதையை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

முக்கியமாக, அந்தப் பக்கத்தில் இறந்தவரின் வாரிசுகளைக் குறை சொல்ல முன்னால், உங்கள் வாப்பாவின் பெயரில் இன்னும் என்னென்ன இருக்கிறது என்று ஒருதரம் அலுமாரியைத் திறந்து பாருங்கள். பெற்றோர் இருக்கும்போது பங்கைப் பேசுவது மரியாதைக் குறைவு என்று நினைக்கிறோம். பேசாமல் விட்டுவிட்டு, பிறகு நாலு மாதம் நானாவும் தங்கச்சியும் முகம் பார்க்காமல் இருப்பதுதான் மரியாதைக் குறைவு.

சீ.ஆர். கொப்பி இப்போது என்னிடம் இருக்கிறது. வீட்டை வாங்கியவர்களுக்குப் புதுக் கொப்பி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். ஏப்ரலில் குண்டசாலைக்குப் போகச் சொல்லியும் இருக்கிறேன். எனக்கு இனிக் கட்டவேண்டிய பணம் எதுவும் இல்லை. ஆனாலும் இந்த ஏப்ரலில் நானும் போவேன், இன்ஷா அல்லாஹ்.

எங்கள் வாப்பாவின் மஃபிரத்துக்காக ஒரு துஆ செய்யுங்கள். வஸ்ஸலாம்.